ஆறுதலும் நியாயமும்

பட்டமளிப்பு விழாவிலே கறுப்பு அங்கி அணிந்து நிற்கும் பிள்ளையின் புகைப்படத்தைச் சட்டமிட்டு நடுக்கூடத்தில் மாட்டிவைத்து, வருவோர் போவோருக்கெல்லாம் காட்டி மகிழ்கிற நம் குடும்பங்கள், அந்தப் புகைப்படத்துக்கு முந்திய மூன்று நான்கு வருஷங்களில் அப்பிள்ளை எத்தகைய மனக்கலக்கங்களைக் கடந்து வந்தது என்பதை விசாரித்து அறிவது மிகவும் அபூர்வம். கேட்டாலும், "எல்லாம் நல்லாத்தான் போச்சு" என்பதற்குமேல் பதில் வருவதில்லை. கல்லூரி ஆசிரியனாக நெடுங்காலம் ஊழியம் பார்த்து ஓய்ந்தவன் நான். இப்போதும் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் செமஸ்டர்தோறும் ஏதேனும் ஒரு காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு யோசனை கேட்க வருகிறார்கள். ஆகவே இவ்விஷயத்தைச் சற்று விஸ்தாரமாகவே எழுதிவைக்க வேண்டுமென்று வெகுநாளாக எண்ணம். வாசகர்கள் பொறுமையோடு உடன் வருவார்களென்று நம்புகிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். மாணவர்களின் மன அழுத்தத்தைப் பற்றி இக்காலத்தில் எங்கும் பேச்சாக இருக்கிறது. யோகாசன வகுப்பு, தன்னம்பிக்கைச் சொற்பொழிவு, மனநல வார விழா என்று கல்லூரிகள் சிரத்தையோடு பல காரியங்களைச் செய்துவருகின்றன. ஆயினும், என் அனுபவத்தில் நான் கண்ட மட்டில், அந்த அழுத்தத்தின் பெரும்பகுதி, தனக்கு என்ன நேரும் என்பதும் எந்த நியாயத்தின்படி நேரும் என்பதும் விளங்காத நிலையிலிருந்து பிறப்பது என்பதை வாய்விட்டுச் சொல்வோர் சிலரே. கடினமான கணக்கோடு இரவெல்லாம் மல்லாடுகிற பிள்ளை களைத்துப் போகிறான், காலையில் தூங்கி எழுந்து தெளிந்தும் விடுகிறான். போட்ட கணக்குக்கு ஏன் மதிப்பெண் வரவில்லை என்று கேட்பதற்கே அஞ்சுகிற பிள்ளைக்கு அந்தத் தூக்கமும் வருவதில்லை.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு இன்று வருகிறவர்கள் யாவர் என்பதை முதலில் நினைவிற்கொள்ள வேண்டும். குடும்பத்திலே முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வருவோருக்குத் தொழிற்கல்விக் கட்டணத்தில் அரசு சலுகை தரும் ஏற்பாடு 2010-11ஆம் கல்வியாண்டில் வந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவிகித ஒதுக்கீடு மருத்துவப் படிப்பில் 2020-இலும், பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 2021-இலும் கிடைத்தது. புதுமைப் பெண் திட்டம் 2022-இலும், தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இலும் தொடங்கி, அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வந்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாயை வங்கிக் கணக்கிலே சேர்க்கின்றன. கல்லூரி வாசலைத் தாண்டுவதற்கு இத்தனை உதவிகள் அமைந்திருப்பது நம் மாநிலத்துக்குப் பெருமையே. தாண்டிய பிறகு நடப்பதுதான் வேறு கதை.

பன்னிரண்டு வருஷம் தமிழிலே படித்துவிட்டு முதல் வாரத்திலேயே ஆங்கிலச் சொற்பொழிவின் நடுவே உட்கார்த்திவைக்கப்படும் பிள்ளை, சந்தேகம் கேட்க எழும்போது, ஆங்கிலத்தில்தான் கேட்க வேண்டுமோ என்று தயங்கி மறுபடியும் உட்கார்ந்துவிடுகிறான். இரண்டொரு முறை அப்படி உட்கார்ந்தபின் எழுவதையே மறந்துவிடுகிறான். வீட்டிலோ கேட்பதற்கு ஆளில்லை. மகனுக்காக நகையை அடகு வைத்த தாய்க்கு இன்டர்னல் என்பது என்ன, அரியர் என்பது என்ன, கண்டோனேஷன் என்பது எதற்குக் கட்டுகிற பணம் என்பதெல்லாம் தெரியாது. பேராசிரியர் மாமா ஒருவர் வாய்த்த பிள்ளை ஒரு தொலைபேசி அழைப்பிலே தெரிந்துகொள்ளும் நடைமுறையை, இவன் ஒரு செமஸ்டரை இழந்து தெரிந்துகொள்கிறான். இருவரும் ஒரே விதிக்கு உட்பட்டவர்கள்தாம். விதியை அறிந்தவன் ஒருவன், விதியால் அடிபட்டு அறிகிறவன் மற்றவன்.

இன்டர்னல் மார்க் என்னும் அகமதிப்பீட்டையே எடுத்துக்கொள்வோம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017ஆம் வருஷத்து விதிமுறையில் எழுத்துப் பாடமொன்றுக்குக் கல்லூரி அளிக்கும் மதிப்பெண் 20 ஆகவும், பல்கலைக்கழகத் தேர்வுக்குரியது 80 ஆகவும் இருந்தன. 2021 விதிமுறையில் அவை முறையே 40, 60 என்று மாறின. மூன்று மணி நேரப் பரீட்சை ஒன்றிலே ஒருவனுடைய தலைவிதியை நிர்ணயிப்பதைவிட, பருவம் முழுதும் அவன் செய்த வேலையைக் கணக்கில் எடுப்பது சிலாக்கியமே என்பதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆனால் ஆசிரியரின் கையிலுள்ள அதிகாரம் இவ்விதம் இருமடங்கானபோது, அந்த அதிகாரம் எப்படிச் செலுத்தப்படுகிறது என்பதை மாணவன் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளும் வழியும் இருமடங்காயிற்றா என்று கேட்டால், பல இடங்களில் மௌனமே பதிலாகக் கிடைக்கும். "சாரை எதிர்த்துப் பேசாதே, இன்டர்னல்ல கை வச்சுடுவாரு" என்பதுதான் ஹாஸ்டலில் மூத்தவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதற்பாடம். இது பெரும்பாலான ஆசிரியர்களுக்கு இழைக்கப்படும் அநியாயம் என்பதை நான் அறிவேன். பட்சபாதமின்றி மதிப்பெண் போடுகிறவர்களே அதிகம். எனினும், மதிப்பெண் எதன்மேல் இடப்பட்டது என்பது திரைமறைவில் இருக்கும் இடத்தில், நேர்மையான ஆசிரியருக்கும் நேர்மையற்றவருக்கும் மாணவன் பார்வையில் வித்தியாசம் தெரிவதில்லை. ஆகையால் அவன் எல்லோருக்குமே அஞ்சுகிறான்.

எங்கள் கல்லூரியிலே பேராசிரியை ஒருவர் இருந்தார். பருவத்தின் முதல் வகுப்பிலேயே, எந்த ஒப்படைப்புக்கு எத்தனை, எந்தத் தேர்வுக்கு எத்தனை, தாமதமாகக் கொடுத்தால் என்ன குறையும் என்பதை ஒரு தாளில் எழுதிப் பலகையில் ஒட்டிவிடுவார்; திருத்திய தாள்களை ஒரு வாரத்துக்குள் கையிலே கொடுத்து, "கூட்டல் தப்பா இருந்தா இன்னைக்கே சொல்லுங்கம்மா, சொல்லுங்கப்பா" என்பார். கண்டிப்பில் அவரை மிஞ்சியவர் எவரும் இல்லை. தேறாமல் அரியர் விழுந்தவர்களும் அவர் வகுப்பில் உண்டு. ஆனால் அவரால் தூக்கம் கெட்டது என்று ஒரு மாணவனும் என்னிடம் வந்து சொன்னதில்லை. கண்டிப்பைப் பிள்ளைகள் தாங்கிக்கொள்கிறார்கள். தாங்க மாட்டாதது, காரணம் சொல்லப்படாத தீர்ப்பையே.

வருகைப்பதிவும் இப்படிப்பட்டதுதான். 75 சதவிகிதம் வேண்டும். அதற்குக் கீழே ஓரளவு வரை மருத்துவச் சான்றிதழும் கண்டோனேஷன் கட்டணமும் கொடுத்தால் மன்னிக்கப்படும். அதற்கும் கீழே போனால் ஹால் டிக்கெட் கிடையாது. விதியென்ற அளவில் இதில் பிழை சொல்ல ஏதுமில்லை. பிழையெல்லாம் விதிக்கும் நடப்புக்கும் இடையிலே புகுந்துகொள்கிறது. கல்லூரிக்குக் கோப்பை வாங்கிவரும் விளையாட்டு வீரனுக்கும், சிம்போசியத்தில் மாலை போட விருந்தினரை அழைத்துவரப் போனவனுக்கும் ஓ.டி. என்னும் 'ஆன் டியூட்டி' வருகை தாராளமாகக் கிடைக்கிறது, முகூர்த்த நாட்களில் கேட்டரிங் வேலைக்குப் போய்ப் பந்தி பரிமாறி மெஸ் பில்லைக் கட்டுகிறவனுக்கு, தான் எங்கே போனேன் என்று சொல்வதற்கே நா எழுவதில்லை. துறைத்தலைவரின் அறைவாசலில் நின்று, "பேரண்ட்ஸைக் கூட்டிட்டு வா" என்ற ஒற்றைக் கட்டளையைக் கேட்டுத் திரும்பும் மாணவனின் தகப்பனார், ஒருநாள் கூலியை விட்டு, பஸ் பிடித்து வந்து, அந்த அறைக்கு வெளியே இரண்டு மணி நேரம் கைகட்டி நிற்கிறார். அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டு அருகிலே நிற்கும் பிள்ளையின் அவமானத்தை எந்த மனநல விழா துடைத்துவிட முடியும்?

பரீட்சைக்கு வருவோம். 1948-இல் டாக்டர் ராதாகிருஷ்ணனைத் தலைவராகவும், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த டாக்டர் லட்சுமணசுவாமி முதலியாரை அங்கத்தினர்களுள் ஒருவராகவும் கொண்டு அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் கமிஷன், ஒரே ஒரு சீர்திருத்தத்தை மட்டும் சொல்லவேண்டுமானால் பரீட்சை முறையைத்தான் சொல்வோம் என்ற கருத்தை அக்காலத்திலேயே தெரிவித்திருந்தது. முக்கால் நூற்றாண்டு கடந்தும் அக்கருத்து பழையதாகிவிடவில்லை. விடைத்தாளின் நகலைப் பெறுவதும் மறுமதிப்பீடு கோருவதும் இன்று பல பல்கலைக்கழகங்களில் உள்ள வசதிகளே. விடைத்தாளைப் பார்க்கும் உரிமை தகவல் அறியும் சட்டத்தின்படி தேர்வெழுதியவனுக்கு உண்டு என்று உச்சநீதிமன்றம் 2011 ஆகஸ்டில் தீர்ப்பளித்தும் இருக்கிறது. ஆனால் நகலுக்கு ஒரு கட்டணம், மறுமதிப்பீட்டுக்கு வேறொரு கட்டணம், அதற்கும் சில நாட்களே அவகாசம் என்று இருக்கையில், பணம் உள்ளவனுக்கே சந்தேகப்படும் பாக்கியம் வாய்க்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் மறுமதிப்பீட்டிலேயே லஞ்சம் புகுந்தது என்று 2018-இல் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிவு செய்ததும், தகுதியால் தேறிய பிள்ளையையும் அக்கம்பக்கத்தார் ஐயத்தோடு பார்த்ததும், அவ்வளவு சீக்கிரம் மறக்கக்கூடியவை அல்ல.

2020 ஆகஸ்டில், கொரோனாவை முன்னிட்டு, தேர்வுக் கட்டணம் செலுத்தியிருந்த அரியர் மாணவர்களெல்லாம் தேர்ச்சி என்று அரசு அறிவித்தபோது, முதலமைச்சரைக் கடவுளாக வர்ணித்துப் பதாகைகள் எழுந்ததைக் கண்டு நாடே சிரித்தது. தேர்வு நடத்தாமல் தேர்ச்சி கொடுக்க முடியாது என்று பின்னர் சென்னை உயர்நீதிமன்றம் கூறிவிட்டது. கல்வியின் தரத்தைக் கருதினால் அதுவே சரியான முடிவு. ஆயினும் அந்தப் பதாகைகளைக் கண்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை. வருஷக்கணக்கில் ஒரே தாளை மீண்டும் மீண்டும் எழுதி, எங்கே தவறுகிறோம் என்பதை யாரும் உட்காரவைத்துச் சொல்லாமலே வயதை இழந்துகொண்டிருந்த எத்தனை பேருடைய பெருமூச்சு அதில் அடங்கியிருந்தது என்றுதான் தோன்றிற்று.

சாதியையும் பெண்மையையும் முன்னிட்டு நிகழும் வேற்றுமைகளைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை, நாடறிந்தவை அவை. தலைநகரின் எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியைப் பற்றி 2007-இல் தோரட் குழு அளித்த அறிக்கை, பட்டியலினப் பழங்குடி மாணவர்கள் வகுப்பறையிலும் தேர்விலும் விடுதியிலும் படும் ஒதுக்கலைப் பதிவு செய்தது. பெண்களின் பாதுகாப்பைக் காரணம் காட்டி அவர்களுடைய விடுதிகளுக்கு மட்டும் தனிக் கட்டுப்பாடுகள் விதிப்பது தகாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அமைத்த பணிக்குழு 2013-இல் சொல்லியும், ஆண்கள் விடுதியின் கதவு இரவிலும் திறந்திருக்க, மாலை ஆறரைக்கே பூட்டப்படும் பெண்கள் விடுதிகள் இன்றும் உண்டு. நூலகம் எட்டு மணிவரை திறந்திருந்து என்ன பயன்? கட்டண பாக்கிக்காக அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கும் வழக்கம் மற்றொன்று. மானியக் குழு 2018 அக்டோபரிலேயே அதைத் தடுத்து அறிவிக்கை வெளியிட்டது. சான்றிதழ் அடகுப் பொருளன்று என்ற கருத்தைச் சென்னை உயர்நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. இருந்தும், கையில் வேலைக்கான உத்தரவோடு, டி.சி.க்காக அலுவலக ஜன்னலில் கெஞ்சி நிற்கும் பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன்.

"எங்க காலத்துல இதெல்லாம் இல்லையா? நாங்க படலையா? இந்தக் காலத்துப் பசங்களுக்குத் தாங்குற சக்தி இல்லை" என்று என் வயதொத்த நண்பர்கள் சொல்வதுண்டு. அவர்களுக்கு ராகிங்கின் சரித்திரத்தை நினைவூட்ட விரும்புகிறேன். அதுவும் ஒரு காலத்தில் சம்பிரதாயம் என்றும், ஆண்மையைப் பழக்கும் விளையாட்டு என்றும், தாங்கிக்கொள்ளத் தெரியாதவன் கோழை என்றும் பேசப்பட்டதுதான். 1996-இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட கொடுமைக்குப் பிறகு, 1997-இல் தமிழ்நாடு ராகிங்கைத் தடை செய்யச் சட்டம் இயற்றியது. குற்றவாளிக்கு இரண்டு வருஷம் வரை சிறை என்று விதித்ததோடு, புகார் வந்தவுடன் விசாரித்து நடவடிக்கை எடுக்கும் கடமையைக் கல்லூரித் தலைவரின் மேலேயே அச்சட்டம் சுமத்திற்று. 2009-இல் மானியக் குழுவும் நாடு முழுமைக்கும் ஒழுங்குமுறை வகுத்தது. ராகிங் அடியோடு ஒழிந்துவிட்டதென்று சொல்லமாட்டேன். ஆனால் நான் பணியில் சேர்ந்த காலத்தில் முதலாண்டு மாணவர்கள் விடுதியிலே நடுங்கிக் கிடந்த நிலைக்கும், நான் ஓய்வுபெறும்போது கண்ட நிலைக்கும் மலைக்கும் மடுவுக்குமுள்ள வித்தியாசம். புதிய மாணவர்களின் தாங்கும் சக்தி வளர்ந்ததால் வந்த மாற்றமா இது? யார் பொறுப்பு, யாரிடம் சொல்வது, சொன்னால் என்ன நடக்கும் என்பவை எழுத்திலே தெளிவானதால் வந்த மாற்றம்.

ஆறுதல் வேண்டாமென்று நான் சொல்வதாக யாரும் கருதிவிடக்கூடாது. மனம் நோயுற்றால் வைத்தியம் வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உச்சநீதிமன்றம் 2025 மார்ச்சில் உயர்கல்வி மாணவர்களின் மனநலத்தை ஆராய, ஓய்வுபெற்ற நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது; அதே வருஷம் ஜூலையில் மற்றொரு வழக்கில், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிலையங்கள் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டுமென்றும், மதிப்பெண்ணை வைத்து மாணவர்களைப் பிரித்து நிறுத்துவதும் பலர் முன்னிலையில் அவமதிப்பதும் கூடாதென்றும் வழிகாட்டியது. தமிழ்நாட்டிலும் மனநல நல்லாதரவு மன்றங்களை அமைக்கும் 'மனம்' திட்டம் 2022-இல் மருத்துவக் கல்லூரிகளில் தொடங்கப்பட்டது. இவையாவும் வரவேற்கத்தக்கவை. ஆனால் ஆலோசகரின் அறைக்குச் செல்லும் மாணவன், "என் இன்டர்னல் ஏன் குறைந்தது என்று தெரியவில்லை, கேட்கவும் பயமாயிருக்கிறது" என்று சொன்னால், மூச்சுப் பயிற்சி கற்றுக்கொடுப்பதற்குமேல் அந்த ஆலோசகர் என்ன செய்வார்? அழுத்தம் உண்டாகிற இடத்தைத் தொடாமல் அழுத்தத்துக்கு மட்டும் ஆறுதல் சொல்வது, ஒழுகும் கூரையை விட்டுவிட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருப்பதற்கு ஒப்பானது. ஆலோசகரும் நாளடைவில் களைத்துப் போவார்.

கூரையை வேய்வதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது என்பதைப் பல மாணவர்கள் அறியார். மானியக் குழு 2023 ஏப்ரலில் வெளியிட்ட மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறையின்படி ஒவ்வொரு கல்வி நிலையத்திலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். அதில் பெண் ஒருவரும், பட்டியலின, பழங்குடி அல்லது பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவரும் இடம்பெற வேண்டும். மாணவர் பிரதிநிதி சிறப்பு அழைப்பாளராக அமர வேண்டும். புகார் வந்த 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை அளிப்பது முறை. அதில் திருப்தியில்லையென்றால் 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைகேள் அதிகாரிக்கு மேல்முறையீடு செய்யலாம். அவர் 30 நாட்களில் தீர்க்க முயலவேண்டும். முறையற்ற மதிப்பீடு, சான்றிதழைப் பிடித்துவைத்தல், கல்வி உதவித்தொகையைத் தாமதித்தல் ஆகியன அவ்வொழுங்குமுறையில் குறைகளாகவே எண்ணப்பட்டிருக்கின்றன. மறுமதிப்பீட்டு மனுவை மட்டும், குறிப்பிட்ட முறைகேட்டையோ பாரபட்சத்தையோ சுட்டிக்காட்டினாலன்றி, அந்த அதிகாரி எடுத்துக்கொள்ளமாட்டார். ஆகவே "மார்க் குறைவு" என்று எழுதுவதால் பயனில்லை; எந்தக் கேள்விக்கு, எந்த விதிக்கு மாறாக, என்ன நடந்தது என்று எழுத வேண்டும்.

இவ்வளவு இருந்தும் அந்தக் குழுவின் வாசலுக்கு மாணவர்கள் போவதில்லை, காரணம் வெளிப்படை. குழுவில் அமர்ந்திருப்பவர் அடுத்த மாதம் வைவாவுக்கு எதிரே அமரப்போகிறவர். புகார் கொடுத்தவன் பெயர் மறுநாளே ஸ்டாஃப் ரூமில் பேச்சாகிவிடும் என்ற பயம். இப்பயம் போகவேண்டுமானால், புகார் செய்தவனுடைய அகமதிப்பீட்டையும் செய்முறைத் தேர்வையும் அப்பருவத்துக்கு வேறோர் ஆசிரியர் பார்ப்பதென்ற எளிய ஏற்பாட்டைக் கல்லூரிகள் தாமே செய்துகொள்ளலாம். செலவில்லாத காரியம், மனம் மட்டும் வேண்டும்.

என் பழைய சகாக்களுக்கு ஒரு விண்ணப்பம். பருவத் தொடக்கத்தில் மதிப்பெண் பங்கீட்டை எழுதி ஒட்டுங்கள். திருத்திய தாளைத் திருப்பிக் கொடுங்கள். விடுப்பையோ வேண்டுகோளையோ மறுத்தால் மறுப்பின் காரணத்தை ஒரு வரியில் எழுதிக் கொடுங்கள். பெற்றோருக்கு ஒரு வார்த்தை: பிள்ளை அரியர் வைத்தது தெரிந்தால், எத்தனை தாள் என்று கேட்குமுன், எந்த இடத்தில் சிரமப்பட்டாய் என்று கேளுங்கள். மாணவர்களுக்குச் சொல்வது இது: எதையும் எழுத்திலே கொடுங்கள், தேதியிட்ட நகலை வைத்துக்கொள்ளுங்கள், தனியாகப் போகத் தயக்கமாயிருந்தால் ஒரு நண்பனை உடன் அழைத்துச் செல்லுங்கள். மனம் தாளாத நேரத்தில் 14416 என்ற மனநல உதவி எண்ணை அழையுங்கள். இரவானாலும் பகலானாலும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அங்கே ஆறுதல் கிடைக்கும். நியாயத்தை வழங்கவேண்டிய பொறுப்பு கல்லூரியுடையது. அதைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை, யாரும் காட்டும் தயவு அன்று.